கில்மல்லக்கில் ஒரு ஆரணிக்காரன்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே மூணு மாசம் ஆச்சு. நடுவுல ஆன்சைட்டுன்னு சொல்லி அயர்லாந்துல லிமெரிக் நகரத்துக்கு அனுப்பி வெச்சாங்க. வந்த முதல் வாரமே ஒரு விஷயம் மாட்டிச்சு. அன்னையிலிருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, எழுதி இறக்கி வெச்சாதான் தூக்கம் வரும் போல. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க மக்களே.

எட்டாம் வகுப்பு வரலாறு ஞாபகம் இருக்கா? கர்நாடகப் போர்கள். மூணாவது போர்ல வந்தவாசிச் சண்டை, 1760. ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி கவுண்ட் டி லாலி. பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வி. எங்க கிளாஸ்ல அவருக்கு 'கவுண்டமணி லாலி'ன்னே பேரு. வந்தவாசி எங்க ஊர்லேர்ந்து பஸ்ல ஒரு மணி நேரம் சொச்சம். அங்க பெரியம்மா வீடு இருக்கறதால அந்தக் கோட்டை மதில் மேல உக்காந்து கொய்யாப்பழம் தின்ன அனுபவம் எனக்கு உண்டு. ஆனா அந்தச் சண்டை போட்ட ஆளுங்க எங்கேர்ந்து வந்தாங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. வெள்ளைக்காரன், அவ்வளவுதான். ஒருத்தன் இங்கிலீஷ்காரன், இன்னொருத்தன் பிரெஞ்சுக்காரன்.

இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சது, அது ரெண்டுமே முழு உண்மை இல்லைன்னு.

லிமெரிக்குக்குத் தெற்கே முக்கால் மணி நேர பஸ் பயணத்துல கில்மல்லக்னு ஒரு சின்ன ஊர். அயர் கூட் பிறந்தது அந்த ஊரை ஒட்டின ஆஷ் ஹில்ங்கற வீட்டுல, 1726-ல. அப்பா ஒரு பாதிரியார். ஏதோ விக்கியில வேற எதையோ தேடும்போது இது கண்ணுல பட்டுது. இந்த மனுஷன் வந்தவாசியோட நிக்கல, 1782-ல எங்க ஆரணியிலயும் வந்து சண்டை போட்டிருக்கார். எங்க ஊர்ல சண்டை போட்டவரோட ஊருக்கு முக்கால் மணி நேரத் தூரத்துல உக்காந்துகிட்டு எக்செல் ஷீட் பார்த்துக்கிட்டு இருக்கேன்! அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறிட்டேன்.

கில்மல்லக், பார்த்தா நம்ம ஊர் சந்தைப்பேட்டை அளவுதான். ஆனா ஒரு காலத்துல மன்ஸ்டர் மாகாணத்துலயே முக்கியமான மதில் சூழ்ந்த ஊர்கள்ல ஒண்ணு. மதில் பல இடத்துல இன்னும் நிக்குது. பிளாசம் கேட்னு ஒரு நுழைவாயில் மட்டும் முழுசா மிச்சம், அதுக்குள்ளதான் இன்னைக்கும் கார் போகுது. ஊருக்கு நடுவுல கிங்ஸ் காஸில்னு ஒரு கோபுர வீடு. ஆத்தங்கரையில டொமினிக்கன் துறவிகளோட மடம், 1291-ல ஆரம்பிச்சது, கூரை போயி சுவரும் ஜன்னலும் மட்டும் நிக்குது. 'கில்'னா ஐரிஷ்ல தேவாலயம். நம்ம ஊர்ல பேட்டை, பாளையம் மாதிரி இங்க தடுக்கி விழுந்தா ஒரு கில். கில்லர்னி, கில்கென்னி, கில்டேர்... ரயில் ஊருக்குள்ளதான் போகுது, ஆனா நிக்காது. ஸ்டேஷனை 1976-லயே மூடிட்டாங்க. இதப் படிச்சதும் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். எங்க ஊர் ஸ்டேஷன் 'ஆரணி ரோடு' இருக்கறது களம்பூர்ல. ரயில் பிடிக்கணும்னா ஆரணிக்காரன் முதல்ல பஸ் பிடிக்கணும் :-)

மடத்துக்குப் பக்கத்துல பெஞ்சுல ஒரு பெரியவர் நாயோட உக்காந்திருந்தார். எங்கேர்ந்து வரேன்னு கேட்டார். சொன்னேன். அயர் கூட் பேரைச் சொன்னதும் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அவர் இங்க பிறந்தவர்தான். ஆனா எங்க ஆள் இல்ல"ன்னார்.

இந்த ஒரு வரிதான் என்னை மூணு வாரம் லைப்ரரியில உக்கார வெச்சது.

கூட் குடும்பம் இங்கிலாந்துலேர்ந்து வந்து குடியேறினவங்க. 16-ஆம் நூற்றாண்டுல இந்தப் பக்கம் டெஸ்மண்ட் பிரபுக்கள் இங்கிலாந்து ராணியை எதிர்த்துக் கலகம் பண்ணினாங்க. 1571-ல கலகக்காரங்களே கில்மல்லக்கைச் சூறையாடிக் கொளுத்தினாங்க. கலகம் அடங்கினதும் ஜெயிச்சவங்க நிலத்தைப் பிடுங்கி இங்கிலாந்துலேர்ந்து கூட்டி வந்த ஆளுங்களுக்குக் குடுத்தாங்க. அடுத்த நூற்றாண்டுல கிராம்வெல் படை வந்தப்புறம் இன்னும் நிறைய நிலம் கை மாறிச்சு. புதுசா வந்த ஜமீன்தார்கள் புராட்டஸ்டன்ட், நிலத்தை இழந்தவங்க கத்தோலிக்கர்.

கடைசியா 1691-ல லிமெரிக் நகர முற்றுகை. தோத்துப் போன கத்தோலிக்கப் படைக்கு ஒரு உடன்படிக்கை போட்டாங்க. ஷானன் ஆத்தங்கரையில அந்தக் கையெழுத்து போட்டதாச் சொல்ற கல்லை மேடை கட்டி வெச்சிருக்காங்க, தினம் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போறேன். உடன்படிக்கைப்படி வீரர்கள் விரும்பினா பிரான்சுக்குப் போய்ச் சேரலாம். ஆயிரக்கணக்கான பேர் கப்பல் ஏறிட்டாங்க. அவங்களுக்கு இங்க 'காட்டு வாத்துகள்'னு பேரு. வருஷா வருஷம் வலசை போற வாத்து மாதிரி. என்ன, இவங்க திரும்பி வரல.

அப்படிப் போனவங்கள்ல ஒருத்தர் கால்வே மாவட்டம் துவாம் ஊர்ப் பக்கத்து லாலி குடும்பத்துக்காரர். அவருக்கு 1702-ல பிரான்ஸ்ல பிறந்த பையன்தான் தாமஸ் ஆர்தர் லாலி. நம்ம கவுண்ட் டி லாலி! அப்பா ஐரிஷ், பையன் பிரெஞ்சு ராணுவத்துல ஐரிஷ் ரெஜிமென்டுக்குத் தலைவர். அந்த ரெஜிமென்டுக்கு லாலி பேரேதான். 1758-ல அதோட பாண்டிச்சேரியில வந்து இறங்கறார்.

இப்ப வந்தவாசிக்கு வாங்க. 1760 ஜனவரி 22. கோட்டையை ரெண்டு மாசம் முன்னாடிதான் கூட் பிடிச்சிருந்தார், அதைத் திரும்பப் பிடிக்க லாலி முற்றுகை போட்டிருக்கார். காப்பாத்த கூட் வரார். இந்தப் பக்கம் கில்மல்லக்காரர், வயசு முப்பத்து நாலுகூட ஆகல. அந்தப் பக்கம் துவாம் குடும்பத்துப் பையன், வயசு அம்பத்தெட்டு. லாலியோட ஐரிஷ் ரெஜிமென்டும் சிவப்புச் சட்டை, இங்கிலீஷ்காரனும் சிவப்புச் சட்டை. சண்டை நடுவுல பிரெஞ்சுக்காரங்க இடது பக்கத்துல ஒரு வெடிமருந்து வண்டி வெடிச்சுச் சிதறி, அங்க வரிசை கலைஞ்சுது. அதோட கதை முடிஞ்சுது. புஸ்ஸி கைதி ஆனார். கூட் அதே வேகத்துல எங்க பக்கத்து ஊர் சேத்துப்பட்டைப் பிடிச்சார், அப்புறம் ஆற்காடு. மறு வருஷம் ஜனவரியில பாண்டிச்சேரியும் சரண்.

லாலியைக் கைதியா இங்கிலாந்து கொண்டு போனாங்க. 'துரோகி'ன்னு ஊர்ல பேசறாங்கன்னு கேள்விப்பட்டு, நானே வந்து பதில் சொல்றேன்னு தானா பாரிஸ் போனார். 1766 மே 9-ஆம் தேதி, வாயில துணியை அடைச்சு, தலையை வெட்டிட்டாங்க. வால்டேர் அவருக்காக எழுதினார், மகன் வருஷக்கணக்கா அலைஞ்சார். 1778-ல தீர்ப்பை ரத்து பண்ணினாங்க. போன தலை?

ஒரே தீவுலேர்ந்து கிளம்பின ரெண்டு குடும்பம். எந்தக் கோவிலுக்குப் போறங்கறதைப் பொறுத்து எந்தக் கொடியோட கீழ நிக்கறதுன்னு முடிவாச்சு. கத்தோலிக்கனா இருந்தா சொந்த ஊர்ல ராணுவ அதிகாரியாக முடியாது, நிலம் வாங்க முடியாது, அப்படிச் சட்டம். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டது நம்ம வந்தவாசி கரம்புல. செத்தவங்கள்ல நம்ம ஊர் சிப்பாய்ங்களும் உண்டு, அவங்க பேரு எந்தப் புத்தகத்துலயும் இல்ல.

சரி, எங்க ஊருக்கு வரேன்.

ஆரணின்னா பட்டு, அப்புறம் பிரியாணி, அப்புறம் அரிசி. (ஆற்காட்டுக்காரங்க பிரியாணி விஷயத்துல சண்டைக்கு வருவாங்க, கண்டுக்காதீங்க.) கமண்டல நாகநதிக் கரையில ஊர். முன்னாடி வட ஆற்காடு, 1989-லேர்ந்து திருவண்ணாமலை மாவட்டம். ஜமதக்னி முனிவரோட கமண்டலத்துலேர்ந்து வந்த ஆறுன்னு புராணம். தசரதன் புத்திர காமேஷ்டி பண்ணின இடம்னு புதுக்காமூர்ல ஒரு சிவன் கோவில். குழந்தை இல்லாதவங்க எங்கெங்கேயிருந்தோ வருவாங்க. ஆத்துல மட்டும் மழைக்காலம் தவிர மணல்தான் ஓடும்.

ஆரணிக் கோட்டை, ஜாகீர் கதை பல பேருக்குத் தெரியாது. 17-ஆம் நூற்றாண்டுல பீஜப்பூர் சுல்தானோட தளபதியா தெற்கே வந்த ஷாஜி, அதாவது சிவாஜியோட அப்பா, தன் கூட வந்த வேதாஜி பாஸ்கர பந்த்ங்கற மராட்டியப் பிராமணர்கிட்ட ஆரணியை ஒப்படைச்சார். 1677-ல சிவாஜி செஞ்சி, வேலூர்ப் பக்கம் படையெடுத்து வந்தப்ப வேதாஜி எதிர்க்கல. அப்பாகிட்ட இருந்தவர் மகனுக்கும் கட்டுப்பட்டார், அவர் பதவியை சிவாஜி அப்படியே விட்டுட்டார். அந்த வம்சம்தான் சின்னச் சின்ன இடைவெளியோட 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரைக்கும் ஆரணி ஜாகீரா இருந்தது. முகலாயர், நவாப், கம்பெனி, வெள்ளைக்காரன்னு மேல இருந்தவங்க மாறிக்கிட்டே இருந்தாங்க. இவங்க மாறல. இதுக்கு ஒரு தனித் திறமை வேணும், நம்ம ஆபீஸ்கள்லயும் அப்படிச் சில மேனேஜர்களைப் பார்த்திருப்பீங்க. ஊருக்கு வெளிய எஸ்.வி. நகரம்னு சொல்றோமே, அது சத்தியவிஜய நகரம். உத்தராதி மடத்து சத்திய விஜய தீர்த்தர் பேரு, அவரோட பிருந்தாவனம் அங்கதான். அந்த அரண்மனையும் பூசிமலைக்குப்பம் காட்டுக்குள்ள இடிஞ்சு நிக்கற கண்ணாடி மாளிகையும் ஜாகீர்தார்கள் கட்டினது. மாளிகையைப் பத்தி ஊர்ல ஓடற காதல் கதையெல்லாம் தனிப் பதிவு போடற அளவுக்கு இருக்கு.

முதல் ஆரணிச் சண்டை 1751 டிசம்பர் 3. ஆற்காட்டுல அம்பது நாள் முற்றுகையைத் தாக்குப் பிடிச்ச ராபர்ட் கிளைவ், ஓடற ராஜா சாகிபைத் துரத்திக்கிட்டு வரார். கிளைவுக்கு அப்ப இருபத்தாறு வயசு. நான் அந்த வயசுல கேம்பஸ் டிரெயினிங் முடிச்சு பென்ச்ல உக்காந்திருந்தேன். கிளைவ் கூட வந்த அறுநூறு குதிரையும் மராட்டியர் முராரி ராவோட ஆளுங்க. நடுவுல சேறும் நெல் வயலும், குறுக்கே ஒரு கரை மேல வழி. நம்ம ஊர் வயலோட புண்ணியத்துல குதிரையும் பீரங்கியும் கரையை விட்டு இறங்க முடியாம மாட்டிக்கிச்சு. சண்டை கிளைவ் பக்கம் சாய்ஞ்சுது. தோத்த பக்கத்துச் சிப்பாய்ங்க பல பேர் துப்பாக்கியோட வந்து கிளைவ்கிட்டயே வேலைக்குச் சேர்ந்துட்டாங்க. இது துரோகமா? எனக்கு அப்படித் தோணல. அவங்களுக்கு அது வேலை. சம்பளம் குடுக்கறவன் தோத்துட்டான், அடுத்த கம்பெனி.

ரெண்டாவது ஆரணிச் சண்டைதான் கூட் வந்தது. முப்பது வருஷம் தள்ளி.

1780 ஜூலையில ஹைதர் அலி பெரும் படையோட கணவாய் இறங்கி கர்நாடகப் பகுதிக்குள்ள வந்தார். செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்ல கர்னல் பெய்லியோட படையை மொத்தமா அழிச்சார். கம்பெனி ஆடிப் போயி, அப்ப இந்தியாவுக்கே தலைமைத் தளபதியா வங்காளத்துல இருந்த அயர் கூட்டைக் கப்பல்ல அனுப்பிச்சுது. கிழவர். உடம்பு சரியில்ல. 1781-ல பரங்கிப்பேட்டை, புள்ளலூர், சோளிங்கர்னு வரிசையா சண்டை போட்டார். 1782 ஜனவரியில வேலூருக்கு அரிசி கொண்டு போற வழியில பக்கவாதம் வந்து விழுந்தார். அப்பவும் பல்லக்குல வெச்சுத் தூக்கிக்கிட்டுப் போனாங்க.

சென்னையில கவர்னர் மெக்கார்ட்னி. இவரும் அயர்லாந்துதான், வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டம். பின்னாடி 1793-ல சீனச் சக்கரவர்த்திகிட்ட தூது போனாரே, அதே ஆள். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. படைக்கு அரிசி இல்ல, இழுக்க மாடு இல்லன்னு இவர் கடுதாசி மேல கடுதாசி போட, அவர் பதிலுக்கு ஒண்ணு போட, ஒரே லெட்டர் சண்டை. நம்ம புராஜெக்ட் மேனேஜரும் ரிசோர்ஸ் மேனேஜரும் மெயில் அடிச்சுக்கிற மாதிரியே இருக்கு, படிச்சா சிரிப்பு வருது. ஆனா நடுவுல பட்டினி கிடந்தது நம்ம ஜனம்.

ஆரணிக் கோட்டையில ஹைதர் தன் தானியம், சாமான் எல்லாம் சேர்த்து வெச்சிருந்தார். அதுக்குக் குறி வெச்சா ஹைதர் ஓடி வருவார்ங்கறது கூட்டோட கணக்கு. கணக்கு பாதி சரி. 1782 ஜூன் 2, கத்திரி வெயில் முடிஞ்சும் முடியாத நேரம், கூட் ஆரணியை நெருங்கி முகாம் போடறப்ப பின்பக்கமா ஹைதர் வந்து அடிச்சார். கூட் படையைத் திருப்பி அவரோட மல்லுக்கட்ட, இந்தப் பக்கம் திப்பு கோட்டையைப் பலப்படுத்திக்கிட்டார். ஹைதர் பின்வாங்கினார். கூட்டுக்குக் கிடைச்சது ஒரு பீரங்கி, பதினொரு வெடிமருந்து வண்டி. புத்தகத்துல வெற்றின்னு எழுதிக்கிட்டாங்க. கோட்டையை முற்றுகை போட கையில அரிசி இல்லாம திரும்பிப் போனார். வந்தது எதுக்கு? கோட்டைக்கு. கோட்டை கிடைச்சுதா? இல்ல. எங்க ஊர் ஆளா யோசிச்சா இந்தச் சண்டையில ஜெயிச்சது ஹைதர்தான்னு படுது. (ஹைதர் பக்கமும் ஒரு லாலி இருந்தார். பழைய லாலியோட குடும்பத்து ஆள்னு சொல்வாங்க. ஐயா சாமி, இந்த ஐரிஷ்காரங்க ஆரணியை விடவே மாட்டாங்க போல.)

ரெண்டு கிழவர்களும் அதுக்கப்புறம் ரொம்ப நாள் இல்ல. 1782 டிசம்பர் 7 ஹைதர் சித்தூர்ப் பக்கம் முகாம்லயே போயிட்டார். 1783 ஏப்ரல்ல கூட் சென்னையில. உடலைக் கப்பல்ல இங்கிலாந்துக்குக் கொண்டு போய்ப் புதைச்சாங்க. கில்மல்லக்குக்கு இல்ல. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில பெரிய நினைவுச் சின்னம், அதுல கையைக் கட்டின ஒரு இந்தியக் கைதி தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கார். அந்தச் சிற்பத்தோட படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். கூட் மூஞ்சியை விட எனக்கு அந்த ஆள் மூஞ்சிதான் நிக்குது.

மூணு வருஷம் ரெண்டு படையும் மாத்தி மாத்தி மிதிச்சதுல வயல் எல்லாம் தரிசு. எதிரிக்குக் கிடைக்கக் கூடாதுன்னு ஹைதரோட குதிரைப்படை ஊர் ஊரா எரிச்சுது. சனங்க சென்னைப் பட்டணத்துக்கு ஓடி அங்க வந்து விழுந்து செத்தாங்க. 1782 பஞ்சம். அப்ப அவங்களுக்குக் கஞ்சி ஊத்த ஆரம்பிச்ச இடம்தான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பழைய ஆளுங்க 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'ம்பாங்களே, அந்தப் பேரு இதுலேர்ந்து வந்ததுதான். எங்க ஆயா மெட்ராஸ் போறதைப் பத்திப் பேசினா கஞ்சித்தொட்டின்னுதான் சொல்லும். ஏன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.

இந்த இடத்துல எனக்குப் பெரியவர் சொன்ன 'எங்க ஆள் இல்ல' திரும்ப ஞாபகம் வந்துச்சு. கில்மல்லக்ல நிலம் வெச்சிருந்தவன் வெளியாள், உழுதவன் உள்ளூர்க்காரன், அதனால கூட் அவங்க ஆள் இல்ல. சரி, அதே கணக்கை ஆரணிக்குப் போட்டா? ஜாகீர்தார் மராட்டியர். தறியில உக்காந்திருக்கறவங்கள்ல சௌராஷ்டிரர்கள் குஜராத் பக்கத்துலேர்ந்து பல நூறு வருஷத்துல மெதுவா இறங்கி வந்தவங்க, இன்னும் வீட்டுக்குள்ள அவங்க பாஷைதான். எங்க ஜாதிக்காரங்க காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தோம்னு சொல்லிக்கறோம். ஆனா சௌராஷ்டிரா வீட்டுப் பையன் 'எங்க ஆள் இல்ல'ன்னு யாராவது சொன்னா நான் அடிக்கப் போவேன், அவன் என் கூட டியூஷன் படிச்சவன். அப்ப யார் ஊர்க்காரன், யார் வெளியூர்க்காரன்னு எதை வெச்சு முடிவு பண்றது? எத்தனை வருஷம் இருந்தாங்கங்கறதை வெச்சா, என்ன எடுத்தாங்க என்ன குடுத்தாங்கங்கறதை வெச்சா? இதைப் பெரியவர்கிட்ட கேட்டேன். "உங்க ஊர்ல நெய்யறவங்க யார் நிலத்தையும் பிடுங்கலியே"ன்னார். அதுக்கு மேல என்கிட்ட பதில் இல்ல.

நெசவுன்னதும் அவரே இன்னொரு விஷயம் சொன்னார். லிமெரிக் லேஸ். 1829-ல சார்லஸ் வாக்கர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 24 பெண்களைக் கூட்டி வந்து லிமெரிக்ல பட்டறை போட்டார், இந்த ஊர்ப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்க. மெஷின்ல செஞ்ச வலைத் துணி மேல ஊசியாலயோ கொக்கியாலயோ பூவேலை. அந்தக் கொக்கி வேலையைப் பார்த்ததும் அசந்துட்டேன், நம்ம ஊர்ல பிளவுஸுக்குப் போடற ஆரி ஒர்க்கேதான்! 19-ஆம் நூற்றாண்டு நடுவுல நூத்துக்கணக்கான பொண்ணுங்க அதுல சம்பாதிச்சாங்க. மெஷின் லேஸ் வந்துச்சு, ஃபேஷன் மாறிச்சு, படுத்துடுச்சு. நகர மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கு. கையில செய்யத் தெரிஞ்சவங்க இன்னும் கொஞ்சம் பேர் இருக்காங்க, ஆசைக்குச் செய்யறவங்க.

கண்ணாடிக்குப் பின்னாடி அதைப் பார்த்தப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னா எங்க வீடு தறி வீடு.

குழித்தறி ரெண்டு இருந்துச்சு. விடிகாலை தெருவுல பாவு நீட்டிப் போட்டிருக்கும், சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஓரமா போகணும், பாவு மேல கால் பட்டா அடி விழும். பள்ளிக்கூடம் விட்டு வந்தா அம்மாவுக்கு தார் சுத்திக் குடுக்கறது என் வேலை. பட்டு பெங்களூர்ப் பக்கத்துலேர்ந்து, ஜரிகை சூரத்துலேர்ந்து. முதலாளி குடுக்கறதை நெஞ்சு குடுத்தா கூலி. ஆரணிப் பட்டு காஞ்சிப் பட்டை விட எடை குறைவு, ஜரிகை குறைவு, அதனால விலையும் குறைவு. நடுத்தரக் குடும்பத்துப் பொண்ணு கல்யாணம்னா நேரா ஆரணிக்கு பஸ் ஏறிடுவாங்க. பட்டுக்கு முன்னாடி, கம்பெனிக் காலத்துல, ஆரணி மஸ்லின்னு மெல்லிசான பருத்தித் துணிக்குப் பேர் போன ஊர் இது. அந்த மஸ்லினும் மான்செஸ்டர் துணி வந்ததும் போச்சு. அப்ப நெஞ்சவங்க பட்டுக்கு மாறினாங்க. இப்ப பட்டுக்கு புவிசார் குறியீடெல்லாம் வாங்கியாச்சு, ஆனா விசைத்தறியில அதே டிசைனைப் பாதி நேரத்துல எடுத்துடறான். ஒரு தறியை நைனா 2012-ல பிரிச்சுட்டார். இன்னொண்ணு ஓடுது. அவருக்கு அப்புறம் உக்கார ஆள் இல்ல. என்னை எஞ்சினியரிங் படிக்க வெச்சதே நான் அந்தக் குழியில கால் வைக்கக் கூடாதுன்னுதான். அதனால எனக்கு இதைப் பத்திக் குறை சொல்ல உரிமை இல்லன்னும் தெரியும்.

கில்மல்லக்காரங்க ஊர்ல பிறந்த புலவன், பாதிரி, கலகக்காரன் எல்லார் பேரையும் சொல்றாங்க. நம்ம ஊர்ல பெரிய ஆள் யாருன்னு பெரியவர் கேட்டப்ப நான் கொஞ்சம் முழிச்சேன். அப்புறம் ஆரணி குப்புசாமி முதலியார் பேரைச் சொன்னேன். தமிழ்ல துப்பறியும் நாவலை வீட்டுக்கு வீடு கொண்டு போனவர். ஆனந்தபோதினி பத்திரிகையோட ஆசிரியர். ரெயினால்ட்ஸ் மாதிரி இங்கிலீஷ் நாவலாசிரியர்களைத் தமிழ்ல தழுவி 'இரத்தினபுரி இரகசியம்'னு பாகம் பாகமா எழுதினார், சனங்க அடுத்த பாகத்துக்குக் காத்துக் கிடந்தாங்க. 1925-ல போயிட்டார். பண்டிதர்கள் அவரைச் சட்டை பண்ணல, ஆனா தமிழ்ல கதை படிக்கற பழக்கம் வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு இருக்கு. பேருக்கு முன்னாடி ஊர்ப் பேரைப் போட்டுக்கிட்டு எங்க ஊரை தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போனது அவர்தான், ஜாகீர்தார் இல்ல.

திரும்பி வந்த அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு போன் போட்டேன். நம்ம கோட்டைக்குள்ள உயரமா ஒரு தூண் நிக்குமே, அது யாருக்குன்னு தெரியுமான்னு நைனாவைக் கேட்டேன். கர்னல் ராபர்ட் கெல்லி. திப்புவோட மூணாவது மைசூர் போர் ஆரம்பிச்ச சமயம், படையோட ஆரணிக்கு வந்து 1790 செப்டம்பர்ல இங்கயே செத்தவர். கெல்லிங்கறதும் சுத்தமான ஐரிஷ் பேரு, லிமெரிக்ல நாலு கடைக்கு ஒரு கடை அந்தப் பேர்ல இருக்கு.

"அந்தத் தூணா? சின்ன வயசுல அதும்மேல கல்லு உடுவோம். எவன் உச்சி வரிக்கும் உடறான்னு பந்தயம்"னார் நைனா. அப்புறம் கூட், லாலி, காட்டு வாத்து எல்லாத்தையும் கால் மணி நேரம் சொன்னேன். ஊம் கொட்டிக்கிட்டே கேட்டார். கடைசியில,

"அதெல்லாம் கெடக்குது. அந்த லேசுன்னு சொன்னியே, அதுல வலையை மெசின்ல பண்றான், பூவு மட்டும் கையில போடறானா?"

"ஆமா நைனா."

"வரும்போது ஒரு துண்டு எடுத்தா. பாப்போம்."

விலையைக் கேட்டேன். கை அளவு துண்டுக்கு எங்க வீட்டுத் தறியில ஒரு சேலை நெய்யற கூலியைவிட அதிகம் சொன்னாங்க. அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் வாங்கணும்.